ரவுண்டானாவில் ஒரு சூப் கிண்ணம்

தெல்மோ சிரிக்கக் கூடாது. நொயேமியா அவனுக்குப் போட்ட முதல் சட்டமே அதுதான்.

போர்ச்சுகலின் போர்த்தோ நகரத்தில் ஏற்றமான ஒரு தெருவில், இரண்டே அறைகள் கொண்ட கேலரி ஒன்றை நடத்திவந்தாள் நொயேமியா. மூன்று வருடமாக அவள் தூக்கத்தையும் தலைமுடியையும் தின்றுகொண்டிருந்த வேலை, தெல்மோ சர்மென்தோ என்கிற இளம் சிற்பியை உலகத்துக்கு அறிமுகப்படுத்துவது. உலகம்தான் பிடிகொடுக்காமல் நழுவிக்கொண்டிருந்தது.

தெல்மோவுக்குக் கைவேலை பிரமாதமாக வரும். சிமெண்டைக் கொடுத்தால் துணியாக மடிப்பான், ரொட்டியாக உப்பவைப்பான். குறை என்று சொன்னால் ஒன்றுதான்: அவன் சந்தோஷமான பையன். கேமராவைக் கண்டால் கன்னத்தில் குழி விழ இளிப்பான். இளிக்கிற கலைஞனை வெளிநாட்டில் எவன் மதிப்பான் என்று, நொயேமியா அவனை ஈரம் பாய்ந்த ஒரு சுவர் முன்னால் நிறுத்தி, பல் பிடுங்கப் போகிறவனைப் போல் முகத்தை வைத்துக்கொள்ளச் சொல்லிப் படமெடுத்தாள். படத்துக்குக் கீழே 'வசிப்பதும் இயங்குவதும் போர்த்தோ, பெர்லின்' என்று போட்டாள். பெர்லினில் அவன் வசித்தது, சித்தி மகள் கல்யாணத்துக்குப் போய் ஒரு சோபாவில் படுத்திருந்த ஒரு வாரம். இயங்கியது, கல்யாண மண்டபத்தில் ஆடியது.

அடுத்து அவன் வேலையையும் திருத்தினாள். வந்த புதிதில் அவன் சிமெண்டில் செருப்பு செய்தான், சேவல் செய்தான், மீன் கூடை செய்தான். பார்க்கிறவர்கள் சுற்றுலாக் கடைச் சாமான் என்று நினைப்பார்கள் என்று அதை நிறுத்தவைத்தாள். இப்போது அவன் செய்வதெல்லாம் சிமெண்டில் முக்கிய சாம்பல் நிறத் துணிகள். ஆணியில் மாட்டினால் மழை நாளில் காயாத துணி மாதிரி தொங்கும். 'தலைப்பில்லாதது ஒன்று', 'தலைப்பில்லாதது இரண்டு' என்று அவற்றுக்குத் தலைப்பு. கூடவே நொயேமியா எழுதிய விளக்கம்: 'இன்மையின் எடையை விசாரணைக்கு உட்படுத்தும் இப்படைப்புகள், பொருளுக்கும் பொருளின்மைக்கும் இடையிலான மௌனத்தைப் பேசவைக்க மறுக்கின்றன.' தெல்மோ அதை இரண்டு தடவை படித்துவிட்டு, இது யாரைப் பற்றி என்று கேட்டான்.

அப்படிப்பட்ட பையனுக்கே அந்த மார்ச் மாதத்தோடு பொறுமை தீர்ந்தது. லக்சம்பர்க்கில் அவன் அக்கா புருஷன், வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற கம்பெனி வைத்திருந்தார். கோடை விடுமுறை முடிந்ததும் வந்து சேர்ந்துகொள் என்று கூப்பிட்டிருந்தார்.

"அங்கயும் சுவர்லதானே வேலை, நொயேமியா. சுவரு கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். இந்த வருஷமும் ஒண்ணும் அமையலன்னா நான் கிளம்பறேன். எங்கம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன்."

நொயேமியாவின் கேலரிச் சுவரில் இன்னும் பலர் தொங்கினார்கள். நிஜமாகவே கை உள்ளவன் இவன் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரியும். இவனும் ஏதோ ஒரு குளிர் ஊரில் யார் வீட்டு வரவேற்பறைக்கோ வெள்ளையடிக்கப் போய்விட்டால், அவள் இத்தனை நாள் செய்ததற்கு என்ன பெயர்?

அந்த நேரத்தில்தான் ஹென்ரிகே லோமன் வருகிறார் என்று தகவல் வந்தது. ஜெர்மனியில் நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிற பெரிய கண்காட்சியின் க்யூரேட்டர் அவர். யார் உள்ளே, யார் வெளியே என்பது அந்த அம்மாவின் வாயில் இருந்தது. போர்ச்சுகலுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருந்தார். ஒரே ஓர் இடம்.

அவர் வருவதற்குள், முந்தைய வருடம் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட வேண்டும்.

தெல்மோவின் ஊர் விலார். கோசுக்கீரைக்குப் பேர்போன ஊர். அங்கே ஊராட்சித் தலைவராக இருக்கும் அல்பானோ கின்தெலா, தெல்மோவுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தியவர் பின்னாளில் ஒரு வேலை சொன்னால், முடியாது என்று சொல்ல விலாரில் வழி கிடையாது. அல்பானோவின் மனக்குறை ஊர் எல்லையில் வெறுமனே கிடந்த ரவுண்டானா. பக்கத்து ஊர் ரவுண்டானாவில் ஆளுயர ஒயின் பீப்பாய் இருந்தது. அதற்கடுத்த ஊரில் இரும்பாலான ஜோடி மாடு. தன் ஊரில் மட்டும் புல். ஒரு நாள் ஞானப்பிள்ளையைக் கூப்பிட்டு, ஏதாவது கட்டு என்றார். கூலி கிடையாது, சாப்பாடு உண்டு.

தெல்மோ கட்டியது ஒரு சூப் கிண்ணம். இரண்டு ஆள் உயரம், காரில் வருகிறவர்களுக்கு உள்ளே தெரியும்படி கொஞ்சம் சாய்வு. விலாரின் கோசுக்கீரை சூப் அதில் ததும்பி நின்றது. நூலாக நறுக்கிய கீரையின் ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரிந்தது. மேலே சொரிஸு, அதாவது புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி, சிவப்பு வட்டமாக ஒரே ஒரு துண்டு மிதந்தது. வீடுகளில் அந்தச் சூப்புக்கு ஒரு துண்டுதான் போடுவது வழக்கம். அல்பானோவுக்கு அது பொறுக்கவில்லை. ஊரைப் பிசினாரி என்று நினைப்பார்கள், ஐந்து துண்டு போடு என்று நச்சரித்தார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தெல்மோ அவர் பேச்சைக் கேட்கவில்லை.

செய்தி நொயேமியாவின் காதுக்கு வந்தது. இன்மையை விசாரணை செய்கிறவன் ரவுண்டானாவில் சூப் வைத்திருக்கிறான் என்று வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. காரை எடுத்துக்கொண்டு நேரே விலாருக்குப் போனாள். தெல்மோவின் பெயர் எந்த மூலையிலும் வரக் கூடாது என்று அல்பானோவிடம் கிட்டத்தட்டக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் அவளை விநோதமாகப் பார்த்தார்.

"கல்வெட்டுல கட்டினவன் பேரை எவன் போடுவான், டாக்டரம்மா? தலைவர் பேருதானே போடறது." கல்லூரிப் படியை மிதித்த எல்லோருமே அவருக்கு டாக்டர்தான்.

அப்பாடா என்று திரும்பிவந்தாள். கல்வெட்டும் வழக்கப்படியே வந்தது. 'சூப் கிண்ணம். அல்பானோ கின்தெலா, ஊராட்சித் தலைவர். புனித யோவான் திருநாள்.' அவ்வளவுதான். கேலரியில் சிற்பத்துக்குப் பக்கத்தில் ஒட்டுகிற சீட்டு எப்படி இருக்குமோ, அச்சாக அப்படியே இருந்தது. சீட்டு ஒட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட நொயேமியா அதைக் கவனிக்கவில்லை.

இனி ஹென்ரிகே லோமன் வரலாம்.

வந்தார். கறுப்பு அங்கி, கறுப்புக் கண்ணாடி, ஒரு காதில் மட்டும் தோடு. பிரேசிலில் சில காலம் இருந்தவர் என்பதால் போர்த்துகீசியம் பேசினார். சாம்பல் துணிகளை ஒரு காபி ஆறுகிற நேரம் பார்த்தார். நன்றாக இருக்கிறது, இதையேதான் தாலினிலும் பார்த்தேன், சாக்ரெபிலும் பார்த்தேன் என்றார். நொயேமியாவின் காதில் லக்சம்பர்க் பஸ் ஹாரன் அடித்தது.

பிறகு மரியாதைக்கோ பசிக்கோ, கலைஞர் பிறந்து வளர்ந்த இடத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். நொயேமியா சாக்கு யோசித்து முடிப்பதற்குள் தெல்மோ அம்மாவைப் போனில் கூப்பிட்டு உலை வைக்கச் சொல்லிவிட்டான்.

விலாருக்குள் போக ஒரே வழிதான். அந்த வழியில் ரவுண்டானா. அது நெருங்க நெருங்க நொயேமியா வலது பக்கத்து மலையைக் காட்டினாள், இடது பக்கத்துச் சர்ச் கோபுரத்தைக் காட்டினாள், காட்ட ஒன்றுமில்லாதபோது ஒரு பெட்ரோல் பங்கைக் காட்டினாள். ஹென்ரிகே நேரே பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றத்தில் நொயேமியா திரும்ப வேண்டிய சாலையைத் தவறவிட்டுக் கிண்ணத்தை ஒருமுறை சுற்றினாள். மறுபடியும் தவறவிட்டு இன்னொரு முறை சுற்றினாள்.

"இது என்ன?" என்றார் ஹென்ரிகே.

கிண்டல் செய்யப் போகிறார் என்றுதான் நொயேமியா நினைத்தாள். "அது ஊர்க்காரங்க ஏதோ ஆசைக்கு வெச்சிருக்காங்க. நமக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. இல்லையா, தெல்மோ?"

பின் சீட்டில் தெல்மோ, மூன்று வருடப் பயிற்சியில் முகத்தை இறுக்கிக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினான்.

ஹென்ரிகே வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். புல்லில் நடந்து கிண்ணத்தைச் சுற்றிவந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அந்த ஒற்றைத் துண்டுக்கு முன்னால் பலிபீடத்தின் முன் நிற்கிறவர் போல் நின்றார். குனிந்து கல்வெட்டைப் படித்தார். திரும்பி வந்தபோது அவர் குரலே மாறியிருந்தது. இந்த நாட்டில் தான் பார்த்தவற்றில் உயிருள்ள ஒரே பொருள் இதுதான், அல்பானோ கின்தெலா என்கிற இந்தக் கலைஞரை எங்கே பார்க்கலாம் என்று கேட்டார்.

நொயேமியா அவசரமாகக் காரை விட்டு இறங்கினாள். உண்மையில் அதைச் செய்தது தெல்மோதான் என்றாள். தெல்மோவும் ஆமாம் நான்தான் என்றான். சாப்பாட்டு மேஜையில் தெல்மோவின் அம்மா இடாலினா, என் பிள்ளைதான் கட்டினான், இந்தக் கிண்ணத்தைப் பார்த்துத்தான் அளவெடுத்தான் என்று கிண்ணத்தைச் சூப்போடு தூக்கிக் காட்டினாள். ஹென்ரிகே மூவரையும் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் சூப் ஆறிப்போனது.

"கார்ல வரும்போது சம்பந்தமே இல்லைன்னீங்க. எனக்குப் பிடிச்சதும் உங்க பையன் செஞ்சதாயிடுச்சு. எல்லா ஊர்லயும் இது நடக்குது, மேடம். பாவப்பட்ட ஊர்க்காரர் ஒருத்தர் செஞ்சதை கேலரிக்காரங்க சுருட்டிக்கிறது."

சாப்பிட்ட கையோடு அவர் ஊர் நடுவிலிருந்த காபிக் கடைக்கு நடந்தார். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். அல்பானோ அங்கே சீட்டாடுகிறவர்களின் முதுகுப் பக்கம் நின்று ஒவ்வொருவர் தோளையும் தட்டிக்கொண்டிருந்தார். அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். தோள் தட்டுகிற காலம்.

"அந்தக் கிண்ணம் நீங்க செஞ்சதா?" என்று ஹென்ரிகே கேட்டார்.

அல்பானோ மார்பை நிமிர்த்தினார். "பின்ன வேற யாரு? நான்தான் செஞ்சேன். அதோ அந்த ரோடு தெரியுதா? நான் செஞ்சது. கல்லறைத் தோட்டத்துச் சுவரு, பால்வாடி, ஆத்துப் பாலம், எல்லாம் நான் செஞ்சதுதாம்மா."

கடையில் ஒருவரும் சீட்டிலிருந்து தலை நிமிரவில்லை. எல்லாத் தலைவர்களும் எப்போதும் சொல்வதுதான். அதைக் கேட்டு, நீயா மண் சுமந்தாய் என்று கேட்கிற முட்டாள் அந்த ஊரில் பிறந்ததில்லை. ஹென்ரிகே மட்டும் கண்கள் பளபளக்க, வாழ்நாள் முழுவதும் இந்த மனிதர் ஓர் ஊரையே சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார் என்று தனக்குள் முணுமுணுத்தார். தெல்மோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அல்பானோ அவன் தோளையும் தட்டினார்.

அழைப்பு வந்தது. அல்பானோ கின்தெலாவுக்கு.

நொயேமியா சும்மா இருக்கவில்லை. கிண்ணம் கட்டும்போது எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பிடித்து ஜெர்மனிக்கு அனுப்பினாள். ஒவ்வொரு படத்திலும் கொத்துக்கரண்டியைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவர் அல்பானோ. பின்னால் தூசிக்குள் மங்கலாக ஓர் உருவம் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தது. இளைஞர்களும் உதவியிருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது என்று பதில் வந்தது.

கடைசியில் விலாருக்கே போய் அல்பானோவிடம் மன்றாடினாள். பையனுடைய வாழ்க்கை, நீங்கள்தான் ஞானத்தகப்பன் என்றெல்லாம் சொன்னாள். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை.

"நான் பொய் சொல்லலையே, டாக்டரம்மா. கேட்டாங்க, சொன்னேன். ஜெர்மன்காரங்க கூப்பிடறாங்க, அதுவும் எலெக்ஷன் வருஷத்துல. வேணாம்னா என்னைப் பைத்தியம்பாங்க. பையனையும் கூட்டிட்டுப் போறேன். எனக்குச் சிமெண்ட் குழைக்க வராது பாருங்க."

இதைத் தெல்மோவிடம் சொல்லும்போது நொயேமியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் கைவிரலில் காய்ந்திருந்த சிமெண்டைச் சுரண்டினான். பிறகு, போய் வருகிறேன், அங்கிருந்து லக்சம்பர்க் பக்கம்தான் என்றான்.

ஜூன் மாதம் மூன்று பேரும் ஜெர்மனிக்குப் போனார்கள். நொயேமியா அல்பானோவின் மொழிபெயர்ப்பாளராகவும், வேறு வழியில்லாமல், விளம்பரப் பொறுப்பாளராகவும் போனாள். படமெடுக்கும்போது சிரிக்காதீர்கள் என்று அவருக்கும் சொல்லிப் பார்த்தாள். இருபது வருடமாகச் சுவரொட்டிக்குச் சிரித்த வாய் மூட மறுத்தது. அது பெரிய வெற்றியாகிவிட்டது. சிரிக்கிற கலைஞனைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று ஜெர்மன் பத்திரிகைகள் எழுதின. நொயேமியா அதைப் படித்துவிட்டு விடுதிக் குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அல்பானோ எங்கே போனாலும் தேர்தலுக்குச் செய்கிறதையே செய்தார். தன் பெயர் அச்சடித்த பேனாக்களையும் சமையல் ஏப்ரன்களையும் பை நிறையக் கொண்டுவந்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். விமரிசகர்கள் அவற்றை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மியூசியம் ஏப்ரன் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது. அந்த நேரமெல்லாம் தெல்மோ கண்காட்சி முற்றத்தில் முழங்கால் வரை சிமெண்டோடு, புதுக் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். கலைஞரின் உதவியாளர் என்று எழுதிய அட்டை அவன் கழுத்தில் தொங்கியது. மேலே ஒற்றைத் துண்டை வைத்து முடித்துவிட்டு, செப்டம்பரில் வருகிறேன் என்று அக்கா புருஷனுக்குப் போன் செய்தான். நொயேமியா பக்கத்தில்தான் நின்றாள்.

அல்பானோவுக்கும் நிம்மதி இல்லை. தினமும் விலாரிலிருந்து போன் வந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் காபிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, நம்ம ஊர் மானத்தை ஜெர்மனியில் ஒரே துண்டுக்கு விற்றுவிட்டார் என்று பேசுகிறாராம். அல்பானோவுக்கு 'ஒத்தைத் துண்டுத் தலைவர்' என்று பெயரே வைத்துவிட்டார்களாம். பேத்தி வயதுப் பெண்கள்கூட அதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

திறப்பு விழாவன்று பத்திரிகையாளர்கள் கூடினார்கள். நடுவில் அல்பானோ, ஒரு பக்கம் ஹென்ரிகே, மறுபக்கம் நொயேமியா. தெல்மோ சுவரோரமாக நின்றான். விலார் பக்கத்து வானொலிக்காரர் ஒருவரும் எப்படியோ வந்து முன்வரிசையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார். அல்பானோவின் கண் அந்த மைக்கை விட்டு நகரவில்லை.

தாடி வைத்த ஒருவர் எழுந்து நீளமாகக் கேட்டார். இந்த ஒற்றைத் துண்டு, தெற்கு ஐரோப்பாவின் வறுமையையும் இல்லாமையையும் பற்றிக் கலைஞர் வைக்கிற குற்றச்சாட்டு அல்லவா? நொயேமியா மொழிபெயர்த்தாள். அல்பானோவின் சிரிப்பு அவள் பார்த்து முதல்முறையாக அணைந்தது. காது வரை சிவந்தார்.

"யாரு இல்லாதவன்? விலார்ல யாரு இல்லாதவன்? எங்க ஊர்ல விருந்தாளிக்கு ஒத்தைத் துண்டு போட்டு அனுப்புவோமா? நான் அஞ்சு போடச் சொன்னேன். காலைப் பிடிக்காத குறையாச் சொன்னேன். இதோ நிக்கறானே இவன்தான், ஒண்ணுதான் போடுவேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். எனக்கும் அந்தத் துண்டுக்கும் சம்பந்தம் இல்ல. வானொலிக்காரரே, இதை நல்லாப் பதிவு பண்ணிக்குங்க."

நொயேமியா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். வாழ்க்கையில் எதையும் அவள் அத்தனை ஆசையோடு மொழிபெயர்த்ததில்லை.

ஹென்ரிகே மெதுவாகத் திரும்பினார். "நீங்கதானே இதைச் செஞ்சேன்னு சொன்னீங்க?"

"ஆமா, செஞ்சேன். ரோடும் நான்தான் போட்டேன். அதுக்கு நான் என்ன தார் காய்ச்சினேனா?" என்றார் அல்பானோ. "கட்டறது கட்டறவன் வேலை. திறந்து வைக்கிறது என் வேலை. இது தெரியாதா உங்களுக்கு?"

எல்லாத் தலைகளும் சுவரோரம் திரும்பின. அப்படியானால் ஏன் ஒரு துண்டு என்று தாடிக்காரர் தெல்மோவைக் கேட்டார். அவன் நொயேமியாவைப் பார்த்தான். என்ன முகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிற பார்வை. அவள், நீயே சொல் என்பது போல் கையை விரித்தாள்.

"எங்கம்மா ஒண்ணுதான் போடுவாங்க. அதைக் கிண்ணத்து ஓரமா ஒதுக்கி வெச்சுக்கிட்டு, சூப்பெல்லாம் குடிச்சு முடிச்சிட்டு, கடைசியாத் திம்போம். அஞ்சு இருந்தா யாரு ஒதுக்கி வெப்பா?"

யாரும் குறிப்பெடுக்கவில்லை. தாடிக்காரர் மட்டும் எச்சில் விழுங்கினார்.

ஹென்ரிகே லோமன் ரொம்ப நேரம் அசடு வழிகிற ரகம் இல்லை. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் பெயரைத் தானே அழித்து, அதிகாரத்தின் கையில் கொடுத்து, உதவியாளன் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு வருடம் காத்திருந்திருக்கிறான் இந்த இளைஞன். கிண்ணம் வெறும் முகப்பு, படைப்பாளி காணாமல் போனதுதான் படைப்பு. இதை அவர் எழுந்து நின்று அறிவித்தார். கைத்தட்டல் ஓயச் சற்று நேரம் ஆனது. பிறகு நொயேமியாவின் காதருகே குனிந்து, ஏன் முன்பே சொல்லவில்லை என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார்.

"சொன்னேனே" என்றாள் நொயேமியா.

"நான் நம்பாத மாதிரி சொன்னீங்க. அதுதான் அபாரம்."

கோடை முடிவதற்குள் அழைப்புகள் கொட்டின. சியோலில் ஒரு மியூசியம், டொரொண்டோவில் ஒன்று, மெக்சிகோவில் இரண்டு. எல்லோரும் தெல்மோ சர்மென்தோவைக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே நிபந்தனை: அவருடைய பெயர் எங்கேயும் வரக் கூடாது. சியோலில் மேயர் பெயரில் கட்ட வேண்டும், டொரொண்டோவில் ஒரு வங்கித் தலைவர் பெயரில். மூன்று வருடம் ஒரு பெயரை உலகம் முழுக்கக் கூவிக்கொண்டிருந்த நொயேமியா, அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கு இப்போது ஒப்பந்தம் ஒப்பந்தமாகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

தெல்மோவின் பெட்டி தயாராக இருந்தது. சியோலுக்கா, லக்சம்பர்க்குக்கா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அழைப்புகளையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டு கேலரி வாசல்படியில் உட்கார்ந்திருந்தான்.

"பேரு இல்லாம வேலை செய்யறதுக்கு அக்கா வீட்டுக்காரர் போதுமே, நொயேமியா. அவரு சாப்பாட்டையும் போடுவாரு. வெளிநாட்டுல எங்க வேணா என் பேரு இல்லாம இருக்கட்டும். ஊர்ல இருக்கணும். அந்தக் கிண்ணத்துல இருக்கணும். அதைப் பண்ணிக் கொடுங்க, இருக்கேன். இல்லன்னா திங்கக்கிழமை பஸ்ஸு."

அந்தப் பெயர் அங்கே வரக் கூடாது என்று கும்பிட்டது யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. நொயேமியா அப்போதே காரை எடுத்தாள்.

அல்பானோ இந்த முறையும் அவளை விநோதமாகப் பார்த்தார். போன வருடம் பெயர் வேண்டாம் என்று வந்து நின்றவள், இந்த வருடம் பெயர் வேண்டும் என்று வந்து நிற்கிறாள். கல்வெட்டில் கட்டினவன் பெயரா, ஒரு வழக்கம் முறை இல்லையா என்று இழுத்தார். நொயேமியா வானொலியை நினைவுபடுத்தினாள். ஜெர்மனியில் அவர் முழங்கியதை ஊரே கேட்டிருந்தது. ஐந்து துண்டுக்காக ஜெர்மன்காரர்களிடம் சண்டை போட்டவர் என்று காபிக் கடையில் காற்று திசைமாறியிருந்தது. கட்டியவன் பெயர் கல்லில் இருந்தால், ஒற்றைத் துண்டு யாருடைய முடிவு என்று எதிர்க்கட்சிக்காரன் இனி கேட்க முடியாது என்றாள்.

அல்பானோ தாடையைத் தடவினார். அது சரிதான், ஆனால் புதுக் கல்வெட்டு என்றால் புதுத் திறப்பு விழா வேண்டும் என்றார். அவளுக்கு அதிலென்ன ஆட்சேபம் இருக்க முடியும்? ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். பஸ்ஸுக்கு முந்தின நாள்.

ஞாயிற்றுக்கிழமை விலாரில் வாணவேடிக்கை அதிர்ந்தது. பேண்டு வாசித்தது, பாதிரியார் தண்ணீர் தெளித்தார், ரவுண்டானாவைச் சுற்றிப் போக்குவரத்து நின்றுபோய் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். இடாலினா கறுப்புச் சட்டை போட்டு முன்வரிசையில் நின்றாள். தெல்மோ அவளுக்குப் பக்கத்தில், ஞானஸ்நானத்துக்கு வந்த பிள்ளை மாதிரி தலை வாரி நின்றான். பெட்டி வீட்டு வாசலில் இருந்தது. பேச்சுக்கு முன்னும் பின்னும் பேசிவிட்டு அல்பானோ கொடித் துணியை இழுத்தார்.

கல் பளபளத்தது. முதல் வரி, 'சூப் கிண்ணம்.' இரண்டாம் வரி, 'கட்டியவர் தெல்மோ சர்மென்தோ.' அதற்குக் கீழே, ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில்: 'மேற்படி பெயரைத் திறந்து வைத்தவர் மாண்புமிகு ஊராட்சித் தலைவர் அல்பானோ கின்தெலா.'

நொயேமியா தெல்மோவைப் பார்த்தாள். அவன் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். முதலில் கன்னம் துடித்தது. மூன்று வருடப் பழக்கத்தில் அடக்கப் பார்த்தான். முடியவில்லை. குழி விழுந்தது, தோள் குலுங்கியது, கடைசியில் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். நொயேமியா போனை எடுத்து அந்த முகத்தைப் படம் பிடித்தாள். ஈரச் சுவர் படத்தை அன்றைக்கே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் போட்டாள். வசிப்பதும் இயங்குவதும் என்ற வரியில் பெர்லினை அடித்துவிட்டு விலார் என்று எழுதினாள்.

விழா முடிந்து எல்லோரும் சூப் குடிக்க உட்கார்ந்தார்கள். தேர்தல் வருடமாதலால் அல்பானோ தானே கரண்டியோடு வந்து ஒவ்வொரு கிண்ணத்திலும் ஐந்து துண்டு போட்டார். தெல்மோ நான்கை எடுத்து நொயேமியாவின் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஒன்றை ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டான்.